ஏழாவது கண்ணாடி

பெற்றவர்கள் வைத்த பேர் ஒன்று, ஊர் கூப்பிட்ட பேர் ஒன்று. ஊர் அவரைக் கூப்பிட்டது ஒத்தக்கோடு என்று. கண்ணாடி வெட்டுகிறவர்களுக்குத் தெரியும்: கட்டரை வைத்து ஒரு முறைதான் கோடு இழுக்க வேண்டும். சரியாக விழவில்லையே என்று அதே கோட்டின்மேல் இன்னொரு தடவை இழுத்தால் கண்ணாடி தன் இஷ்டத்துக்கு உடையும். தெரிந்தும், யாரும் பார்க்காதபோது எல்லாரும் இரண்டாவது தடவை இழுத்துவிடுவார்கள். இவர் முப்பத்தொரு வருஷத்தில் ஒரு நாளும் இழுத்ததில்லை. கோடு விழுகிற சத்தத்தைத் தலை சாய்த்துக் கேட்பார். புதுத்துணி கிழிகிற மாதிரி ஒரே சீராக வந்தால், மேசை விளிம்பில் வைத்து ஓர் அழுத்து. டக். அவ்வளவுதான்.

பேச்சும் அப்படியேதான். எதையும் ஒரு தடவை சொல்வார். கேட்டால் கேள், கேட்காவிட்டால் போ. அவர் மனைவி வீட்டிலேயே தையல் வேலை பார்ப்பவள். மெஷினும் ஓயாது, வாயும் ஓயாது. "இந்த மனுஷன்கிட்ட நிம்மதியா ஒரு சண்டை போட முடியுதா? நான் நாலு பக்கத்துக்குப் பேசினா இவரு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் படுத்துக்குவாரு. அப்புறம் அவர் பங்கையும் சேர்த்து நானே பேசிக்கணும்" என்று வந்தவர்களிடமெல்லாம் சொல்வாள்.

கடை என்பது ஒரு நீள அறை. சுவர் ஓரமாக முரட்டுக் கம்பளி சுற்றிய மரச் சட்டங்களில் கண்ணாடிகள் சாய்ந்து நிற்கும். மேசை இழுப்பறையில் ஒரு பழைய கூலிங் கிளாஸ் கிடக்கும், அவரைத் தவிர யாரும் தொட்டதில்லை. வெயிலில் தலை காட்டாத மனிதனுக்கு எதற்கு இது என்று கூட்டாளிகள் கேலி செய்வார்கள். அது அழகுக்கு இல்லை. டஃபன் என்று தொழிலில் சொல்வார்களே, உலையில் காய்ச்சிச் சட்டென்று குளிரவைத்து இறுக்கிய கண்ணாடி, அதை வானத்துக்கு நேரே நிறுத்தி இந்த மாதிரி லென்ஸ் வழியாகப் பார்த்தால் உடம்பெல்லாம் புள்ளி புள்ளியாகத் தெரியும். சாதாக் கண்ணாடியில் ஒன்றும் தெரியாது. விற்கிறவன் ஏமாற்றினால் இது காட்டிக்கொடுத்துவிடும். ஏமாறாத ஆள் என்று அவருக்குப் பேர்.

இப்படிப்பட்ட மனிதனுக்குத்தான் அடி சறுக்கியது. யானைக்குச் சறுக்கினால் ஊரே பார்க்கும். இவருக்குச் சறுக்கியதை மூன்று பேர்தான் பார்த்தார்கள்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் ஊரில் புது நூலகம் கட்டினார்கள். படிக்கிற கூடத்தின் வடக்குப் பக்கம் முழுக்கக் கண்ணாடி. இடுப்புயரச் சுவர், அதற்கு மேலே இரண்டு ஆள் உயரத்தில் வரிசையாக ஒன்பது கண்ணாடிகள். கீழே ஜனங்கள் உட்காரப்போகிற இடம், அதனால் ஒன்பதும் டஃபன்தான் என்று திட்டத்திலேயே எழுதியிருந்தது. உடைந்தாலும் கல்கண்டு மாதிரி சிறு சிறு துண்டாகக் கொட்டும், ஆளை அறுக்காது. திறப்பு விழாவுக்கு மூன்று நாள் இருக்க, ஏழாவதைத் தூக்கும்போது கை வலித்து, கூடத் தூக்கிய ஆளிடம் ஒரு நிமிஷம் இறக்கி வைக்கச் சொன்னார் ஒத்தக்கோடு. தரையில் மரக்கட்டை போடாமல் இறக்கிவிட்டார். டஃபனை முகத்தில் சுத்தியால் அடித்தாலும் தாங்கும், மூலையில் ஒரு சின்னக் கல் இடித்தால் போதும். நேற்று வேலைக்கு வந்தவனுக்குக்கூட அது தெரியும். அவர் கண்ணெதிரில் இரண்டு ஆள் உயரக் கண்ணாடி ஒரே சத்தத்தில் குவியலாகிப் போனது.

ஒப்பந்தக்காரர் ஓடி வந்தார். குவியலைப் பார்த்தார், இவரைப் பார்த்தார்.

"புதுசு வர எத்தனை நாளாகும்?"

"மூணு வாரம். டஃபனை வெட்ட முடியாது. அளவு குடுத்துத்தான் செய்யணும்."

"விழா வியாழக்கிழமைங்க. ஓட்டையை வச்சுக்கிட்டு ரிப்பன் வெட்டச் சொல்றீங்களா? உங்க கடையில இதே கனத்துல சாதா இருக்குல்ல, அதை வெட்டிப் போடுங்க. அப்புறமா மாத்திக்கலாம்."

"அப்புறம்னா எப்ப?"

"அட, அப்புறம்தாங்க!"

இந்த 'அப்புறம்' என்கிற சொல் இருக்கிறதே, உலகத்தில் நடக்கிற பாதி விபத்துக்கு அதுதான் தாய்மாமன். தப்பு தன் கையால் நடந்தது என்கிற கூச்சம் வேறு. ஒத்தக்கோடு அன்றைக்கே சாதாக் கண்ணாடியில் ஒரே கோடு இழுத்து, அளவுக்கு வெட்டி, பொருத்தி, டஃபனில் முத்திரை இருக்கவேண்டிய மூலையில் ஒரு ஸ்டிக்கரை ஒட்டினார். ஒன்பதும் டஃபன் என்று எழுதியிருந்த தாளில் கையெழுத்தும் போட்டார். வியாழக்கிழமை வந்தவர்கள் அண்ணாந்து பார்த்து, அடடா, கண்ணாடி போட்டிருக்கிறதே தெரியவில்லை என்றார்கள்.

அவர் சும்மா இருக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். இரண்டு தடவை போய்க் கேட்டார். கூடத்தை மூடணும், சாரம் கட்டணும், ஏன்னு கேப்பாங்க, பார்க்கலாம், பார்க்கலாம் என்றார் ஒப்பந்தக்காரர். அடுத்த வருஷம் நெஞ்சு வலி வந்து அவர் போய்ச் சேர்ந்தார். கூடத் தூக்கிய ஆள் பிழைப்புத் தேடி எங்கோ போய்விட்டான். ரகசியத்துக்கு மிச்சம் இருந்த சொந்தக்காரர் இவர் ஒருவர்தான்.

அதோடு நின்றிருந்தால் அவர் மறந்தேகூடப் போயிருப்பார். மனிதர்கள் மறப்பதில் கெட்டிக்காரர்கள். ஆனால் நூலகத்தில் வேலை காலி என்று கேள்விப்பட்டு அவருடைய ஒரே மகள் மனுப்போட்டாள். தலைமை நூலகர் அம்மாவுக்கு ஒத்தக்கோட்டின் மேல் பெரிய மரியாதை. "நம்ம கண்ணாடிக்காரர் பொண்ணா? அப்ப சரி" என்று எடுத்துக்கொண்டார். எடுத்துக்கொண்டதோடு விட்டாரா? "உங்க அப்பா போட்ட கண்ணாடி பக்கத்திலேயே உக்காரும்மா" என்று ஆசையாக மேசை போட்டுக் கொடுத்தார். முதல் நாள் மாலை மகள் வந்து சொன்னபோது அவர் கேட்ட ஒரே கேள்வி, "எத்தனாவது கண்ணாடிக்கு கீழ?" என்பதுதான்.

"எண்ணலையேப்பா. வாசல்லேர்ந்து... ஏழாவதுன்னு நினைக்கிறேன்."

எதையும் இரண்டு தடவை சொல்லாத மனிதன், அந்த மேசை விஷயத்தை மட்டும் நாலு வருஷத்தில் நாற்பது தடவை சொன்னார். "முதுகுப் பக்கம் வெளிச்சம் இருந்தா கம்ப்யூட்டர்ல கண்ணு கூசும், மேசையை அந்தாண்ட நகர்த்திக்கோ பாப்பா." அவள் சிரிப்பாள். "கண்ணு கூசலப்பா. எனக்கு அந்த இடம்தான் பிடிச்சிருக்கு. உங்களுக்கு ஒண்ணு தெரியுமா? ரோட்டுல லாரி போனா என் கண்ணாடி மட்டும் ம்ம்ம்னு முனகும். மத்ததெல்லாம் ஊமை. மத்தியானம் ஆளே இல்லாதப்ப அதான் எனக்குப் பேச்சுத்துணை."

அது ஏன் முனகுகிறது என்று அவருக்குத் தெரியும். அவசரத்தில் வெட்டியது நூலளவு குறைந்து, ரப்பர் பட்டை இறுக்கமாகக் கவ்வவில்லை. உண்மையைச் சொல்லலாம். சொன்னால் தொழில் போகும், பேர் போகும், அந்தப் பேரை நம்பிக் கொடுத்த மகளின் வேலையும் போகும். சொல்லாவிட்டால் மகள் தினமும் எட்டு மணி நேரம் அதன் கீழே உட்காருவாள். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு மனிதன் நாலு வருஷம் சாப்பிட்டான், தூங்கினான், மகளை 'போயிட்டு வா' என்று வழியனுப்பினான். அவரை எனக்குப் பிடிக்கும். ஆனாலும் இதை எழுதும்போது கோபம் வருகிறது.

அப்புறம்தான் அந்தக் கல் வந்தது.

மூன்று மாடி வீட்டளவு கல்லாம். வண்டி நம்பர் மாதிரி எழுத்தும் எண்ணுமாக அதற்கு ஒரு பேர். பூமிக்கு மிக அருகே, டிவிக்கு அலை அனுப்பும் செயற்கைக்கோள்களுக்கும் உள்பக்கமாக, ஒரு செவ்வாய்க்கிழமை மாலை நாலு இருபதுக்குக் கடந்து போகும், மோதாது என்றார்கள் படித்தவர்கள். 'மோதாது' என்பதை யாராவது காதில் வாங்கினார்களா? வீட்டுக்கு வீடு மெழுகுவத்தி வாங்கி வைத்தார்கள். தினமும் டிவியில் தூரத்தைப் போட்டுக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். வெளியூரில் வேலை பார்ப்பவர்கள் காரணம் சொல்லாமல் வீடு வந்து சேர்ந்தார்கள். தெருவில் நின்று பேசுகிறவர்கள் பாதிப் பேச்சில் ஒரு தடவை மேலே பார்த்துக்கொண்டார்கள்.

ஒரு மாலை டிவியில் பழைய செய்திப் படம் ஒன்றைக் காட்டினார்கள். பல வருஷத்துக்கு முன் ஒரு குளிர் தேசத்தில் இதே மாதிரி ஒரு கல் ஆகாயத்தில் வெடித்ததாம். பளீரென்று வெளிச்சம். என்னவென்று பார்க்க ஜனங்கள் ஜன்னலுக்கு ஓடினார்களாம். இரண்டு நிமிஷம் கழித்து வந்தது வெடித்த அதிர்வு. கல் யார் மேலும் விழவில்லை. நூற்றுக்கணக்கான பேரைக் கிழித்தது ஜன்னல் கண்ணாடி.

மனைவி "ஐயோ பாவம்" என்றாள். மகள் ஒலியைக் கூட்டினாள். ஒத்தக்கோடு எழுந்து போய்க் குழாயடியில் முகம் கழுவினார். ஊரே கல்லுக்குப் பயந்தது. மோத வேண்டாம், ஒரு குலுக்குப் போதும் என்று அறிந்து பயந்தவர் அவர் ஒருவர்தான். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். அவருடையது தடதடவென்று அடித்துக்கொண்டது.

மறுநாளிலிருந்து கடையில் கூட்டம். எங்க வீட்டு ஜன்னலுக்கு டேப் ஒட்டிக் குடுங்க, எங்க பள்ளிக்கூடத்துக்கு ஒட்டிக் குடுங்க என்று. ஒரு வாரம் ஏணியும் டேப்புமாக ஊரெல்லாம் அலைந்து குறுக்கும் நெடுக்குமாக ஒட்டினார். கடைசியில் நூலகத்துக்கும் போய், கண்ணாடி உடைந்தாலும் கொட்டாமல் பிடித்துக்கொள்ளும் ஃபிலிம் ஒட்டித் தருகிறேன் என்றார்.

தலைமை நூலகர் அம்மா சிரித்தார். "நம்மது டஃபன்ங்க! நீங்களே எழுதிக் குடுத்த பேப்பர் என் ஃபைல்ல பத்திரமா இருக்கு. இங்க வந்து ஒட்டினா, உங்க வேலை மேல உங்களுக்கே நம்பிக்கை இல்லைன்னு ஊர் பேசாதா?"

ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவர் ஏணியைத் தூக்கிக்கொண்டு திரும்பிவிட்டார்.

இதில் மகள் வேறு, ஜனங்களின் பயத்தைத் தெளியவைக்கிறேன் என்று, செவ்வாய்க்கிழமை நூலகக் கூடத்தில் பெரிய திரை கட்டி, அப்போது இரவாக இருக்கும் ஒரு தேசத்துத் தொலைநோக்கியில் தெரிவதை நேரடியாகக் காட்ட ஏற்பாடு செய்திருந்தாள். பள்ளிக்கூடத்திலிருந்து அறுபது பிள்ளைகள் வருவதாகப் பேச்சு.

"அன்னிக்கு லீவு போடு பாப்பா" என்றார்.

"நல்லாருக்கே! ஒண்ணும் ஆகாதுன்னு ஊரையே கூப்பிட்டது நானு. நானே வீட்ல ஒளிஞ்சுக்கவா?"

"பிள்ளைங்களை எங்க உக்கார வைப்ப?"

"கண்ணாடி ஓரமா ஜமுக்காளம் விரிச்சு. அங்கதான் இடம் இருக்கு."

அவர் நெற்றி வேர்த்ததைப் பார்த்து மனைவிக்குச் சிரிப்பு. "கல்யாணத்தன்னிக்குக்கூட இந்த மனுஷனுக்கு இப்படி வேர்க்கலடி. என்னைவிடப் பெரிய கல்லா என்ன?"

செவ்வாய்க்கிழமை. வானம் துடைத்து வைத்த மாதிரி நீலமாக இருந்தது. நூலக வாசலில் ஒருவன் கூலிங் கிளாஸ் குவித்துப் போட்டு, "கல்லைப் பாக்கற கண்ணாடி!" என்று கூவிக்கொண்டிருந்தான். வெறுங்கண்ணுக்கே தெரியாத கல்லைப் பார்க்கக் கருப்புக் கண்ணாடி! அதற்கும் முண்டியடித்து ஆள். ஒத்தக்கோடு ஒன்றை எடுத்து மூக்கின் மேல் வைத்து ஆகாயத்தைப் பார்த்துத் தலையைச் சாய்த்தார். ஒரு பக்கம் சாய்த்தால் நீலம் இருண்டது, நிமிர்த்தினால் வெளுத்தது. அவருடைய இழுப்பறையில் கிடக்கிற அதே வகை லென்ஸ். சூடு பட்டவர் போலக் குவியலிலேயே போட்டுவிட்டு உள்ளே போனார்.

பிள்ளைகள் ஜமுக்காளத்தில் சளசளவென்று உட்கார்ந்திருந்தார்கள். ஏழாவது கண்ணாடிக்கு நேர் கீழே மட்டும் பதினோரு தலைகள். அவர் எண்ணினார். பக்கத்தில் மேசையில் மகள். அவர் போய், இடுப்புயரச் சுவரில் முதுகைச் சாய்த்து, கண்ணாடிக்கும் அவர்களுக்கும் நடுவில் நின்றுகொண்டார். விழுந்தால் முதலில் தன் மேல் விழட்டும். ஒரு ஆள் முதுகு எத்தனை பேருக்குக் குடையாகும்?

"அப்பா, பின்னாடி இருக்கறவங்களுக்குத் திரை மறைக்குது. கொஞ்சம் நகருங்களேன்."

"பரவால்ல" என்றார். நகரவில்லை.

நாலு பத்தொன்பது. கூடம் அடங்கிவிட்டது. திரையில் கருப்பில் ஒரு வெள்ளைப் பொட்டு, கோடாக நகர்ந்தது. வெளியே எங்கோ ஒரு கனத்த வண்டி. தலைக்கு மேலே ம்ம்ம் என்று ஆரம்பித்தது முனகல். அவர் கண்ணை இறுக மூடினார். இதை மட்டும் தாங்கிக் கொடு, நாளைக்குக் காலையில் முதல் வேலையாகச் சொல்லிவிடுகிறேன் என்று யாரிடமோ வேண்டிக்கொண்டார். முனகல் தேய்ந்தது. யாரோ ஒருவர் கை தட்ட, அறுபது பிள்ளைகளும் கூரை பிய்கிற மாதிரி கத்தினார்கள். கல் போய்விட்டது.

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. அவருக்கு அழுகை வந்தது, அதோடு சிரிப்பும் வந்தது. இப்போது நடந்ததை ஒளிக்காமல் சொல்கிறேன். நாளைக் காலை என்று வேண்டிக்கொண்டவர், கைதட்டல் ஓய்வதற்குள் அதை அடுத்த வாரம் ஆக்கிவிட்டார். மகளுக்கு வரன் பார்க்கிறார்கள், அது முடியட்டும், அப்புறம் சொல்லலாம் என்றும் ஒரு யோசனை வந்துவிட்டது. ஒப்பந்தக்காரர் செத்தாலும் அவர் சொன்ன சொல் சாகவில்லை.

"அப்பா, இங்க பாருங்களேன்!"

மகள் வேடிக்கைக்கு வாங்கிய கூலிங் கிளாஸைப் போட்டுக்கொண்டு, கூடத்தின் நடுவில் நின்று கண்ணாடிச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தலையை இப்படியும் அப்படியும் சாய்த்தாள். "எல்லாத்துலயும் புள்ளி புள்ளியா இருக்கு! சிறுத்தைத் தோலு மாதிரி. இது என்னப்பா, இவ்வளவு நாளா கண்ணுல படலையே?"

அவர் வாயைத் திறப்பதற்குள் அவள் விரல் நீட்டி எண்ண ஆரம்பித்துவிட்டாள். "ஒண்ணு, ரெண்டு, மூணு..." ஆறு வரைக்கும் போனாள். எட்டைப் பார்த்தாள், ஒன்பதைப் பார்த்தாள், மறுபடி திரும்பி வந்தாள். "என்னோடதுல மட்டும் ஒண்ணுமே இல்ல. ஏன்ப்பா?"

பொய் சொல்வது எளிது. வெளிச்சம் அப்படி என்றால் அவள் நம்புவாள். நாலு வருஷமாகக் கண் கூசும் கதையை ஒரு நாளும் சந்தேகிக்காதவள். அவர் கீழே பார்த்தார். இரண்டு பிள்ளைகள் ஏழாவதின் அடிச் சுவரில் சாய்ந்துகொண்டு ஒருவரையொருவர் தள்ளி விளையாடினார்கள்.

"அது டஃபன் இல்ல பாப்பா. சாதா."

ஒரு தடவைதான் சொன்னார். கண்ணாடிக் கடையில் தவழ்ந்து வளர்ந்த பெண்ணுக்கு இரண்டாம் தடவை தேவையில்லை. சாதா எப்படி உடையும், எவ்வளவு நீளத் துண்டாக இறங்கும் என்று அவளுக்குத் தெரியும். கூலிங் கிளாஸைக் கழற்றினாள். பிள்ளைகள் பக்கம் திரும்பி, "எல்லாரும் எழுந்திருங்க. ஓடாம, வரிசையா வெளியில போங்க" என்றாள். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. கடைசிப் பிள்ளை வாசல் தாண்டியதும் திரும்பி வந்தாள்.

"எப்போலேர்ந்து?"

"திறந்த நாள்லேர்ந்து. நான்தான் டஃபனை உடைச்சேன். நான்தான் இதைப் போட்டேன்."

"நான் வேலைக்குச் சேர்ந்தப்ப உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"மேசையை நகர்த்து, நகர்த்துன்னு சொன்னது..."

அவர் தலையை ஆட்டினார். மகள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவள் திட்டியிருந்தால், அழுதிருந்தால் தாங்கியிருப்பார். அவள் தன் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதன் மேல் மூக்குக் கண்ணாடிக் கூடு, பாதி குடித்த தண்ணீர் பாட்டில், நாற்காலியில் அம்மா தைத்துக் கொடுத்த மெத்தை.

"எழுதிக் குடுங்க" என்றாள். "என்ன உடைஞ்சது, என்ன போட்டீங்க, யாரு கையெழுத்து, எல்லாம். நான் மேடத்துக்கிட்ட கொண்டுபோய்க் குடுக்கறேன். இன்னியோட கூடத்தை மூடணும்."

"உன் வேலை..."

"எழுதுங்கப்பா."

அவர் சட்டைப்பையைத் தடவினார்.

"பேப்பரும் பேனாவும் என் மேசையில இருக்கு. அங்கயே உக்காந்து எழுதுங்க." நாற்காலியை அவர் பக்கம் இழுத்துவிட்டாள். "கொஞ்ச நேரம்தானே. நான் நாலு வருஷம் உக்காந்திருந்தேன்."

அவர் போய் உட்கார்ந்தார். அந்த நாற்காலியில் அவர் உட்கார்ந்தது அதுவே முதல் தடவை. பிடரியில் ஏதோ தொட்ட மாதிரி இருந்தது, ஒன்றும் தொடவில்லை. தாளை இழுத்து, ஐயா, அம்மா எதுவும் போடாமல், தேதியை எழுதினார். முப்பத்தொரு வருஷம் கண்ணாடியில் நேர்க்கோடு இழுத்த கை, தாளில் கோணலாக ஓடியது.

மூன்றாவது வரியில் இருக்கும்போது ரோட்டில் லாரி ஒன்று வந்தது. தலைக்கு மேலே அந்த முனகல் எழுந்தது. முதலில் மெல்ல, பிறகு பலமாக. தூரத்தில் நின்று கேட்டபோது அது ஒரு சத்தம்தான். அடியில் உட்கார்ந்தால் பல்லில் தெரிந்தது. பேனாவை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தார்.

மகள் வாசலோரம் நின்றிருந்தாள். அவரைப் பார்க்கவில்லை. அவர் தலைக்கு மேலே, அந்தக் கண்ணாடியையே இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள், ஓடிவரத் தயாராக ஒரு காலை முன்னால் வைத்து. அவர் எழுதி முடிக்கும் வரைக்கும் அவள் கண்ணை அதிலிருந்து எடுக்கவே இல்லை.